நாற்சந்தியில் வலப்புறம் திரும்ப ஒரு தனித் தடம்: டெல்டா நகரங்களுக்கான செய்முறை

காலை எட்டே முக்கால் மணிக்குத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ பெரிய நாற்சந்தி ஒன்றின் ஓரத்தில் பத்து நிமிடம் நின்று பார்த்தால், நெரிசல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பச்சை விளக்கு விழுகிறது. வரிசையின் முன்னால் நிற்கும் நகரப் பேருந்து வலப்புறம் திரும்ப வேண்டும். எதிரிலிருந்து நேராக வரும் வண்டிகள் விட்டால்தான் அதனால் அசைய முடியும். அதன் பின்னால், நேராகப் போக வேண்டிய வண்டிகள் தமக்குத் தொடர்பே இல்லாத ஒரு காத்திருப்பில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பொறுமையிழந்த இரு சக்கர வாகனங்கள் பேருந்தின் இரண்டு பக்கமும் வழிந்து முன்னே வந்து, எதிரே வருபவர்களுக்கு உரிய இடத்தில் முகப்பை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பச்சையில் பாதி இப்படியே கரைந்துபோகிறது.

சாலை போதவில்லை, அகலப்படுத்த வேண்டும் என்பதுதான் இதைப் பார்க்கும் எவரும் முதலில் சொல்லும் தீர்வு. நெடுஞ்சாலைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நமது ஊர்களில் வலப்புறம் திரும்பும் தடத்துக்கு வேண்டிய மூன்று மீட்டர் பெரும்பாலும் ஏற்கெனவே போட்ட தாருக்குள்ளேயே இருக்கிறது. வேறு எதற்கோ பயன்பட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்து மீட்பதுதான் வேலையின் பெரும்பகுதி. தரையில் அம்புக்குறி வரைவது கடைசி நாள் வேலை. அதை முதல் நாளே செய்துவிட்டு, தடம் போட்டும் பயனில்லை என்று சொல்பவர்கள் நிறைய இருப்பதால், வரிசை மாறாமல் செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறேன். வார்டு உறுப்பினர், வணிகர் சங்கத்தார், புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பொறியாளர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில், சாலை யாருடையது

தேசிய நெடுஞ்சாலை 36 விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மானாமதுரைக்குப் போகிறது. 83 திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்குப் போகிறது. புறவழிச்சாலைகள் வந்தபின் இவற்றின் பழைய ஊர்வழிப் பகுதிகள் எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன என்பது இடத்துக்கு இடம் மாறும். ஒரே நாற்சந்தியில் ஒரு கை (சந்திப்பில் வந்து சேரும் நான்கு சாலைகளில் ஒன்று) நெடுஞ்சாலைத்துறைக்கும், எதிர்க்கை மாநகராட்சிக்கும், சிக்னல் காவல்துறைக்கும், ஓரத்து வாய்க்கால் நீர்வளத்துறைக்கும் உரியதாக இருப்பது டெல்டாவில் அதிசயம் அல்ல. எனவே வரைபடம் போடுவதற்கு முன், நான்கு கைகளுக்கும் தனித்தனியாக உரிமை எவருடையது என்பதை உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்திலும் மாநகராட்சிப் பொறியியல் பிரிவிலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு கோரிக்கையை மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்தில் வைப்பது நல்லது. எல்லாத் துறையினரும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அதுதான். அங்கே பதிவாகும் ஒரு வரித் தீர்மானம், தனித்தனியாக எழுதும் பத்துக் கடிதங்களைவிட விரைவாக நகரும்.

எண்ணுதல்

இரண்டு இருவழிச் சாலைகள் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அவற்றில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் புள்ளிகள் 16. அந்தப் பதினாறில் 12 வலப்புறம் திரும்பும் வண்டிகளால் உண்டாகின்றன. ஆகவே எத்தனை வண்டிகள் வருகின்றன என்ற மொத்தக் கணக்கு நமக்குப் பயன்படாது. ஒவ்வொரு கையிலிருந்தும் இடம், நேர், வலம் என்று எந்தப் பக்கம் எத்தனை போகின்றன என்பதை, வண்டி வகை பிரித்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை குறிக்க வேண்டும். காலை எட்டு முதல் பதினொன்று வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை எண்ணினால் உச்ச நேரம் உள்ளே அடங்கிவிடும். நான்கு கையையும் நேரில் எண்ண ஆள் இல்லையென்றால், மூலைக் கட்டடத்தின் மாடியிலிருந்து கைப்பேசியில் படமெடுத்து வீட்டில் உட்கார்ந்து எண்ணலாம்.

எந்த மாதத்தில் எண்ணுகிறோம் என்பது இங்கே மிகவும் முக்கியம். ஒரு முறை நான் ஆடி மாதத்தில் கணக்கெடுத்து, அதை நம்பித் தடத்தின் நீளத்தை முடிவு செய்துவிட்டேன். முகூர்த்தம் இல்லாத மாதம். துணிக்கடை, நகைக்கடை, திருமண மண்டபம் எதற்கும் வெளியூர் வண்டி வரவில்லை. ஆவணி முதல் முகூர்த்த நாளிலேயே வரிசை தடத்தைத் தாண்டி நேர்த்தடத்தில் வழிந்து நின்றது. ஆடியும் மார்கழியும் எண்ணுவதற்கு ஏற்ற மாதங்கள் அல்ல. பள்ளி விடுமுறையும் அப்படியே. அதே போல, நாற்சந்தியின் ஒரு கை கொள்முதல் நிலையத்துக்கோ நவீன அரிசி ஆலைக்கோ போகிறது என்றால், தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடையின்போது ஒரு நாளாவது தனியாக எண்ண வேண்டும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், அறுவடை இயந்திரத்தைச் சுமந்து வரும் லாரி இவற்றை அறுவடை இல்லாத மாதங்களில் பார்க்க முடியாது; ஆனால் வந்தால் ஒவ்வொன்றும் நான்கைந்து கார்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணியதைக் கார் அலகாக, அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை கார்களுக்குச் சமம் என்று காட்டும் பி.சி.யு. ஆக மாற்ற வேண்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 என்ற நெறிமுறையில், ஒரு வகை வண்டி மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதைப் பொறுத்து இரண்டு மதிப்புகள் கொடுக்கப்பட்டுள்ளன. இரு சக்கர வாகனம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் 0.75, ஆட்டோ 1.2 முதல் 2 வரை. பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7 வரை, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 4 முதல் 5 வரை. கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: கிழக்குக் கையிலிருந்து உச்ச மணி நேரத்தில் வலப்புறம் திரும்புபவை 240 இரு சக்கர வாகனங்கள், 30 ஆட்டோக்கள், 40 கார்கள், 18 பேருந்துகளும் லாரிகளும். முறையே 180, 60, 40, 40 என்று கூட்டினால் 320 கார் அலகு வரும். இனி இந்த 320ஐ வைத்தே மேலே போகிறேன்.

சிக்னலைத் திறந்து பார்க்காமல் தடம் போடாதீர்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இது. நமது ஊர்ச் சிக்னல்கள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு கைக்கு மட்டுமே பச்சை விழுகிறது. அந்தக் கையிலிருந்து நேராகவும் இடமாகவும் வலமாகவும் எல்லா வண்டிகளும் ஒன்றாகப் புறப்படுகின்றன. இந்த ஏற்பாட்டில் வலப்புறம் திரும்பும் வண்டியை மறிக்க எதிரே எவரும் வருவதில்லை. எனவே அதற்குத் தனித் தடம் கொடுத்தாலும் பெரிய இலாபம் கிடைக்காது. தடத்தின் பயன் முழுவதும், எதிரெதிர்க் கைகளை ஒரே நேரத்தில் நேராக விட்டுவிட்டு, வலப்புறம் திரும்புபவர்களுக்கு மட்டும் தனி அம்புப் பச்சை கொடுக்கும்போதுதான் வெளிப்படும். ஒரு சுற்றில் தனித்தனியாகப் பச்சை விழும் முறைகள், அதாவது கட்டங்கள், நான்கிலிருந்து மூன்றாகக் குறைவதால் மிச்சமாகும் விநாடிகள்தாம் இந்த வேலையின் உண்மையான விளைச்சல்.

கணக்கு கடினமானது அல்ல. ஐந்தரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஒரு கையின் வழியே, தொடர்ந்து பச்சை இருந்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய அளவு, மீட்டருக்கு 525 கார் அலகு என்று, சிக்னல் நேரத்தைக் கணக்கிடும் வெப்ஸ்டர் முறையில் கொள்கிறோம். ஐந்தரை மீட்டருக்குச் சுமார் 2,890. ஒற்றை வரிசையாக வலப்புறம் திரும்பும் தடத்துக்கு, 1800ஐ, ஒன்றோடு 1.52 வகுத்தல் திரும்பும் ஆரம் என்பதைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆரம் 12 மீட்டர் என்றால் சுமார் 1,600 வரும். நமது 320ஐ 1,600ஆல் வகுத்தால் 0.20; மொத்த நேரத்தில் இந்தத் திருப்பத்துக்குப் பச்சையாக வேண்டிய பங்கு இது. கிழக்கு மேற்கு நேர்ப் போக்குக்கு 0.24, வடக்குத் தெற்குக் கைகளுக்குச் சேர்த்து 0.24 என்று வைத்துக்கொண்டால் கூட்டல் 0.68 ஆகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 விநாடி வீணாகிறது என்றால் மூன்று கட்டத்துக்கு 12 விநாடி. அதை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் 23. அதை, ஒன்றிலிருந்து 0.68ஐக் கழித்து வரும் 0.32ஆல் வகுத்தால் சுற்று நேரம், அதாவது எல்லாக் கட்டமும் ஒரு முறை வந்து முடியும் நேரம், 72 விநாடி. இதில் வலப்புற அம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 18 விநாடி.

இதே சூத்திரத்தில் கூட்டல் 0.80 ஆனால் சுற்று 115 விநாடி ஆகிவிடும், 0.85 ஆனால் 153. சுற்று 120 விநாடியைத் தாண்டும் இடத்தில் ஒரு தடம் மட்டும் சேர்த்து எதையும் சாதிக்க முடியாது. அங்கே ஒரு கையின் வலப்புறத் திருப்பத்தையே தடை செய்து, 200 மீட்டர் தள்ளி யு-திருப்பம் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். மறுபக்கம், ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று வண்டிகள்தாம் வலப்புறம் திரும்புகின்றன என்றால் தனித் தடமும் வேண்டாம், தனி அம்பும் வேண்டாம்; இரண்டும் நேராகப் போகிறவர்களின் நேரத்தைத் தின்னும்.

நீளம்

தடத்தின் அகலத்தைப் பற்றி வாதிடுபவர்கள் அதன் நீளத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் குட்டையான தடம், தடமே இல்லாததைவிடக் கெடுதல் செய்யும்.

சுற்று 72 விநாடி என்றால் மணிக்கு 50 சுற்று. 320ஐ 50ஆல் வகுத்தால் சுற்றுக்கு 6.4 கார் அலகு. எல்லாச் சுற்றிலும் வரவு ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்கிறோம். ஓர் அலகுக்கு 6 மீட்டர் வீதம் தேக்க நீளம் 58 மீட்டர் வரும். பழைய நான்கு கட்டச் சுற்று 120 விநாடி என்று வைத்துக்கொண்டு, அதைக் குறைக்காமல் விட்டிருந்தால் மணிக்கு 30 சுற்றுதான். அப்போது அதே வண்டிகளுக்கு 96 மீட்டர் வேண்டியிருக்கும். சிக்னலை முதலில் சரிசெய்யச் சொன்னதன் காரணம் இதுதான்: விநாடியைக் குறைத்தால் மீட்டர் குறையும்.

அதோடு நேராகப் போகும் வரிசையின் வாலையும் பார்க்க வேண்டும். நேர்வரிசை 63 மீட்டர் நீள்கிறது, திரும்பு தடமோ 58 மீட்டர்தான் என்றால், திரும்ப வேண்டியவர் நேர்வரிசையின் வாலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, தமக்கான தடம் கண்ணெதிரே காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டில் எது நீளமோ அதை எடுக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டுக்கு 65 மீட்டர். அதற்கு முன்னால், தடம் பிரியும் சாய்வுப் பகுதி ஒன்றுக்குப் பத்து என்ற அளவில், மூன்று மீட்டர் அகலத்துக்கு 30 மீட்டர். ஆக மொத்தம் 95 மீட்டர்.

இந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இரு சக்கர வாகனங்கள் மூன்று மூன்றாக ஒட்டி நிற்பதால் உண்மையான வரிசை கணக்கைவிடக் குறைவாக இருக்கலாம்; இரண்டு பேருந்துகள் அடுத்தடுத்து வந்தால் கூடுதலாகவும் இருக்கலாம். நான் செய்வது இது: விடியற்காலையில் நிறுத்தக்கோட்டிலிருந்து பின்னோக்கிச் சாலையோரக் கல்லில் பத்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, 1, 2, 3 என்று எண் எழுதிவிடுவேன். உச்ச நேரத்தில் எதிர்ப்புறத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு சிவப்பு முடியும்போதும் வரிசையின் கடைசி வண்டி எந்த எண்ணருகே நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். 120 விநாடிச் சுற்றுக்கு ஒரு மணி நேரத்தில் 30 எண்கள் கிடைக்கும். அவற்றை ஏறுவரிசையில் எழுதி, 28ஆவது எண்ணைப் பார்த்தால், முப்பதில் இரண்டே முறை தவிர மற்ற எல்லா நேரமும் வரிசை அடங்கும் நீளம் எது என்பது தெரியும். கடைக்காரருக்கு நாலு டீ காசு கூடுதல். நமக்கு எந்த மென்பொருளும் தராத ஓர் எண். சிலர் இதைப் பழைய முறை என்பார்கள், சொல்லட்டும்.

அகலம் எங்கிருந்து வரும்

ஓரக்கல்லிலிருந்து ஓரக்கல் வரை 14 மீட்டர் உள்ள சாலையை எடுத்துக்கொள்வோம். இப்போது நடுவில் இரும்புத் தடுப்பு வைத்து இருபுறமும் ஏழு ஏழாகப் பிரித்திருப்பார்கள். சந்திப்பை நெருங்கும் 95 மீட்டரில் மட்டும் அந்தத் தடுப்பை ஒன்றரை மீட்டர் எதிர்ப்புறமாக நகர்த்தினால், உள்ளே வரும் பக்கத்துக்கு எட்டரை, வெளியே போகும் பக்கத்துக்கு ஐந்தரை. எட்டரையில் வலப்புறத் தடத்துக்கு 3 மீட்டர் போக, நேருக்கும் இடத்துக்கும் ஐந்தரை மிஞ்சுகிறது. நிலம் எடுக்கவில்லை; ஒரு மரமும் வெட்டவில்லை.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வெளியே போகும் ஐந்தரை மீட்டர் முழுவதும் போக்குவரத்துக்கே கிடைக்க வேண்டும். அங்கே ஒரு பேருந்து நின்றால் இரண்டரை மீட்டர் போய்விடும். எஞ்சிய மூன்று மீட்டரில் மற்ற மூன்று கைகளிலிருந்தும் வருபவர்கள் நுழைய வேண்டும். நமது ஊர்களில் பேருந்து நிறுத்தம் எப்போதும் சிக்னலைத் தாண்டிய இருபது முப்பது அடியிலேயே இருக்கும். நிறுத்தத்தைத் தள்ளி வைக்காமல் தடத்தை மட்டும் வரைந்த சந்திப்பு ஒன்றை எனக்குத் தெரியும். முதல் வாரம் எல்லோரும் கோட்டை மதித்தார்கள். இரண்டாவது வாரம் பேருந்துகளுக்குப் பின்னால் வரிசை சந்திப்பின் நடுவே வரை நின்றது. மூன்றாவது வாரம், வலப்புறம் திரும்ப முடியாதவர்கள் கைவிட்ட தடத்தில் ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்றின. மாதக் கடைசியில் தடுப்பு மீண்டும் நடுவுக்கே வந்துவிட்டது.

எனவே நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து குறைந்தது எழுபத்தைந்து மீட்டருக்கு அப்பால் நகர்த்த வேண்டும் என்பது என் வழக்கம். நகர்த்தும் இடத்தில் நிழற்குடை முதலில் கட்டப்பட வேண்டும். பழைய நிழற்குடை அதே நாளில் அகற்றப்பட வேண்டும். நிழல் இருக்கும் இடத்தில்தான் மக்கள் நிற்பார்கள். மக்கள் நிற்கும் இடத்தில்தான் ஓட்டுநர் பிரேக் போடுவார். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது; தனியார் பேருந்து, மினி பஸ் நடத்துநர்களுக்கும் நேரில் சொல்ல வேண்டும்.

ஓரத்துப் பூக்கடை, பழவண்டிகளின் செய்தி வேறு. அவர்களை ஓர் இரவில் அப்புறப்படுத்துவது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014இன்படி இடமாற்றத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். நகர விற்பனைக் குழுவைக் கலந்து மாற்றிடம் காட்ட வேண்டும். கோயிலுக்குப் போகும் வழியில் பூக்கடையை நூறடி தள்ளினால் வியாபாரம் குறையாது. கோயிலுக்கு எதிர்த்திசையில் தள்ளினால் மறுநாளே பழைய இடத்துக்கு வந்துவிடும். மாற்றிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

இனித் திரும்பும் வளைவு. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பேருந்து திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தின் வழியே வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். தாளில் வட்டம் போட்டுப் பார்ப்பது ஒரு முறை. நான் நம்புவது வேறு. காலை ஐந்து மணிக்கு, பணிமனையிலிருந்து புறப்படும் ஒரு காலிப் பேருந்தின் ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு, புதிய தடத்தின் இடத்திலிருந்து இரண்டு முறை மெதுவாகத் திருப்பச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே ஒருவர் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டு போனால், நடுத்தடுப்பின் முனை எங்கே முடிய வேண்டும், குறுக்குச் சாலையின் நிறுத்தக்கோடு எவ்வளவு பின்வாங்க வேண்டும் என்று தரையே சொல்லிவிடும். முனையை ஓர் அடி நீட்டி வைத்தாலும் ஒரே மாதத்தில் பேருந்துகள் அதை இடித்துச் சாய்த்துவிடும் என்பதைப் பல ஊர்களில் சாய்ந்து கிடக்கும் கான்கிரீட் முனைகள் காட்டுகின்றன.

எதிரெதிர்க் கைகள் இரண்டிலும் தடத்தைச் சேர்த்தே போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மட்டும் தடுப்பை நகர்த்தினால், மறுபக்கத்திலிருந்து நேராக வருபவர் சந்திப்பைக் கடந்ததும் எதிர்த்தடத்தின் வாயில் போய் நிற்பார்.

அகலப்படுத்தியே தீர வேண்டும் என்றால்

சாலை மொத்தமே பத்து மீட்டர்தான் என்றால் வேறு வழியில்லை. ஒரு பக்கம் மூன்று மீட்டர் சேர்த்தாக வேண்டும். டெல்டாவில் இது மண்ணோடு போராடும் வேலை. நமது வண்டல் களிமண் நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். பழைய சாலை பல ஆண்டுகளாக அழுந்தி இறுகியிருக்கும்; புதிய பட்டை அதன் பக்கத்தில் தனியாக அமிழும். விளைவு, இரண்டும் சேரும் இடத்தில் சாலை நெடுக ஒரு விரிசல். சரியாக அந்தக் கோட்டில்தான் இரு சக்கர வாகனங்களின் சக்கரம் சிக்கும். இதைத் தடுக்கப் பழைய சாலையின் விளிம்பை நேராக வெட்டாமல் படிபடியாக வெட்டிப் புதிய அடுக்குகளை அதன்மேல் ஏற்றி இணைக்க வேண்டும். அடியில் உள்ள களிமண்ணைக் குறைந்தது அரை மீட்டர் ஆழத்துக்கு எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி, உச்ச அடர்த்தியில் 97 விழுக்காடு வரும் வரை உருளை ஓட்ட வேண்டும். மேல்தாருக்கு வி.ஜி. 40 தரத் தாரைக் கேளுங்கள். சாதாரணச் சாலையில் வண்டி ஓடுகிறது, திரும்பு தடத்திலோ நிற்கிறது, பிரேக் போடுகிறது, மீண்டும் கிளம்புகிறது. மென்மையான தார் சித்திரை வெயிலில் நிறுத்தக்கோட்டருகே அலை அலையாகத் திரண்டுவிடும்.

ஓரத்தில் பாசன வாய்க்கால் இருந்தால் நாட்காட்டியை மேட்டூர் அணை எழுதுகிறது. வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். வாய்க்கால் வறண்டிருக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான நான்கு மாதத்துக்குள் பெட்டிப் பாலமும் தடுப்புச் சுவரும் முடிந்துவிட வேண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் தார் வேலை செய்வது பணத்தை ஆற்றில் கொட்டுவதுதான். வாய்க்காலின் குறுக்களவைச் சுருக்கும் எந்த வரைபடத்துக்கும் நீர்வளத்துறை ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீர் அது. தோண்டுவதற்கு முன் குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை, மின்கேபிள் ஆகியவற்றைச் சம்பந்தப்பட்டவர்களை வரவழைத்துத் தரையில் வண்ணத்தால் குறிக்கச் செய்ய வேண்டும். பழைய மூடுவடிகாலின் மேல் தடம் வருகிறது என்றால் அதன் மூடிப் பலகைகள் நடப்பவர்களுக்காகப் போட்டவை. நெல் லாரியைத் தாங்காது, மாற்றியே ஆக வேண்டும்.

நடந்து கடப்பவர்களை இந்த இடத்தில் மறப்பது எளிது. நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் 14 மீட்டரைக் கடக்க 12 விநாடி. சாலையை 17 மீட்டர் ஆக்கினால் 14 விநாடிக்கு மேல். வயதானவர்களுக்கு அதுவும் போதாது. நடுவில் நின்று மூச்சுவாங்க ஒன்றரை மீட்டர் அகலத் திட்டு ஒன்று இருந்தால்தான் அகலப்படுத்தல் நியாயமாகும்.

தேர் ஓடும் வீதிகளில் வேறு விதி. திருவாரூர் ஆழித்தேரோ, தஞ்சைப் பெரிய கோயில் சித்திரைத் தேரோ, கும்பகோணத்து மாசிமகத் தேர்களோ வரும் பாதையில் கான்கிரீட் நடுத்தடுப்பு, குறுக்கே நீளும் சிக்னல் கை, உயரப் பலகை எதுவும் நிரந்தரமாக இருக்கக் கூடாது. கழற்றி மாட்டக்கூடிய தடுப்புகளும், அடித்தட்டில் போல்ட் போட்ட கம்பங்களும் போதும். கும்பகோணத்தில் 2028 மகாமகம் வருகிறது. அங்கே இப்போது போடும் எந்தத் தடமும் அந்தக் கூட்டத்தின்போது ஒரே நாளில் கழற்றி நடைபாதையாக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

சோதனை, பிறகு வண்ணம்

எல்லாம் முடிவானபின் உடனே கான்கிரீட் போடாமல், மணல் மூட்டையும் பிளாஸ்டிக் கூம்பும் இரும்புத் தடுப்பும் வைத்து இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரவில் ஒளிரும் பட்டை ஒட்டாத தடுப்பை வைக்க வேண்டாம்; சோதனைக்காக வைத்த தடுப்பில் ஒருவர் மோதினால் திட்டமே அதோடு முடிந்துவிடும். இந்த நாட்களில் ஒரு போக்குவரத்துக் காவலர் தடம் பிரியும் சாய்வில், அதாவது சந்திப்பிலிருந்து ஏறக்குறைய எண்பது மீட்டர் பின்னால் நிற்க வேண்டும்; சந்திப்பின் நடுவில் நிற்பவரால் எவரையும் தடம் மாற்ற முடியாது. அங்கே போய்ச் சேர்ந்தபின் எவரும் மாற மாட்டார்கள்.

சோதனையில் தேறினால் வெப்பத்தில் உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் வண்ணத்தை இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் பூச வேண்டும். சாதாரண பெயின்ட் ஐப்பசி மழையைத் தாங்காது. அம்புக்குறியை நிறுத்தக்கோட்டருகே மட்டும் போட்டால் அதன்மேல் எப்போதும் வண்டி நிற்கும், எவர் கண்ணிலும் படாது. தடத்தின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என மூன்று வேண்டும். நேர்த்தடத்துக்கும் திரும்பு தடத்துக்கும் நடுவே கடைசி முப்பது மீட்டரில் கோடு விடாமல் ஓட வேண்டும். அதற்குப் பின்னால் விட்டு விட்டு இருக்கலாம். அறிவிப்புப் பலகையில் தமிழ் எழுத்து முதலில், பெரிதாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன்கீழ் உரிய அனுமதியோடு வைத்த பலகைக்குத்தான் பின்னால் அபராதம் விதிக்க முடியும் என்பதால் அந்தக் கோப்பின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்து ஒரு மாதம் கழித்து, அதே கிழமையில், அதே நேரத்தில், அதே சுண்ணாம்புக் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டு வரிசையின் வாலை மீண்டும் முப்பது முறை குறிக்க வேண்டும். திரும்பு தடம் ஒவ்வொரு சுற்றிலும் காலியாகிவிடுகிறது, நேர்வரிசை மட்டும் மிஞ்சுகிறது என்றால் அம்புப் பச்சையில் இரண்டு விநாடி எடுத்து நேருக்குக் கொடுங்கள். தலைகீழாக இருந்தால் தலைகீழாக. முகூர்த்த நாளுக்கும் சாதாரண நாளுக்கும் தனித்தனி நேர அட்டவணை போட முடிந்தால் இன்னும் நல்லது. மாற்றிய விநாடிகளையும் மாற்றிய தேதியையும் ஒரு தாளில் எழுதி, சிக்னல் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்து மாற்றலாகி வரும் ஆய்வாளர் அந்தக் கதவைத் திறக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.